ஸ்டாண்டில் நன்றாகத்தான் சுற்றியது

1

இந்தக் கதையைக் கேட்டு வாங்கியவர் என் நாத்தனார். கேட்டு வாங்கினார் என்றால் மரியாதையாக இருக்கிறது. நடந்தது அப்படியல்ல. பழுது பார்க்கும் கடையிலிருந்து திரும்பும் வழியில், காரின் முன் சீட்டில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "குடும்பத்துல ஒரு எழுத்தாளி இருக்கா. மாமியார் மருமகள், மாமியார் மருமகள்னு வருஷக்கணக்கா எழுதித் தள்ளுறா. இதை எழுத மாட்டாளாமா?"

பின் சீட்டில் நான் இருந்தேன். வண்டி ஓட்டியது என் கணவர், அவருடைய தம்பி.

"எதை எழுதணும் அண்ணி?"

"மோட்டாரை."

மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சுவிட்சைப் போட்டால் சுற்றும், சுற்றாவிட்டால் ஆளைக் கூப்பிட வேண்டும். அதைச் சொன்னேன். "எனக்கும் இன்னிக்குக் கடைக்கு வர்ற வரைக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றார். கூடவே நிபந்தனைகளும் வந்தன. பாவம் என்று எழுதக் கூடாது. போராடி வென்றாள் என்று எழுதவே கூடாது. முக்கியமாக, காந்தத்தை எதற்கும் உவமை ஆக்கக் கூடாது.

"நான் ஏன் அண்ணி ஆக்கப் போறேன்?"

"நீ ஆக்குவே."

(உண்மை. அந்த நிமிடத்தில் என் மனதில் ஒரு கணவன் மனைவியும் இரண்டு காந்தங்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இறக்கி விட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம் இது: "மாலை வெயில் சிமெண்டுச் சாய்தளத்தின் மேல் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்த வேளையில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அந்தப் பெண்ணின் கண்களில்"

போனில் படித்துக் காட்டினேன்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"நீங்கதான் அண்ணி."

"என் கண்ணுல என்ன?"

"இன்னும் எழுதலை."

"எழுதாதே."

இரண்டாவது தொடக்கம்: "மின்மோட்டார் என்பது மின்னாற்றலை இயக்க ஆற்றலாக மாற்றும்" என்று போனது. என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பரீட்சைக்கா?" என்றார். அதையும் அடித்தேன். அடித்ததை ஏன் உங்களுக்குக் காட்டுகிறேன் என்றால், தனியாக எரிச்சல்பட எனக்கு அலுத்துவிட்டது.

மூன்றாவது தொடக்கத்தை நாத்தனாரே சொல்லிக் கொடுத்தார். "நான் என்ன வேலை பார்க்கிறேன்? அதுல ஆரம்பி. செய்தியில முதல்ல முக்கியமானதைத்தான் சொல்வோம்."

3

அவர் வானொலியில் செய்தி வாசிப்பவர். மாலைச் செய்தி அவருடையது. கடைத்தெருவில் அவர் வாயைத் திறந்து விலை கேட்டால், கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். முகம் தெரியாது, குரல் தெரியும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கால்கள் இரண்டும் போயின. (இதற்கு ஒரு வாக்கியம்தான் அனுமதி. முடிந்துவிட்டது.)

அவரிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் நாற்காலி. அவர் அதை நாற்காலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி என்பார். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், கைப்பிடியில் ஒரு குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் போகும்.

வானொலி நிலையத்தின் முன்வாசலில் படிகள். பக்கவாட்டில் ஒரு சிமெண்டுச் சாய்தளம். அது மனிதர்களுக்காகப் போட்டதல்ல, கனமான பெட்டிகளைத் தள்ளு வண்டியில் ஏற்றுவதற்காகப் போட்டது. தள்ளுகிறவர்களே பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவு செங்குத்து. நாத்தனாரின் வண்டி தினமும் அதில் முனகிக்கொண்டே ஏறும். ஏறிவிடும் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவர் உட்பட.

ஒரு நாள் பாதியில் நின்றது. குச்சியை அழுத்துகிறார், மோட்டார் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. செய்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விடாமல் அழுத்தினார். யாரோ ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள்.

வண்டி கடைக்குப் போனது. கடையில் பழுது பார்ப்பவரை நாங்கள் ஸ்டாண்டுக்காரர் என்போம். வண்டி வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், ஒரு இரும்பு ஸ்டாண்டில் அதை ஏற்றி, பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்படி நிறுத்துவது. குச்சியைச் சாய்ப்பார். சக்கரங்கள் விர்ரென்று சுற்றும். வேகம் அளக்கும் கருவியைக் காட்டிப் பார்ப்பார். கை துடைப்பார்.

"நல்லாத்தானே இருக்கு."

வீட்டுக்கு வந்தது. திரும்பவும் மேட்டில் நின்றது. திரும்பவும் கடை. இந்தத் தடவை ஸ்டாண்டுக்காரர் மனமிரங்கினார். மோட்டாருக்குப் போகிற மின்சாரத்துக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு, அதற்கு மேல் போகாதபடி கம்பெனியில் பூட்டு வைத்து அனுப்புவார்கள். "கஷ்டப்படுறீங்களேம்மா, கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கேன்" என்றார், வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது.

சில வாரங்கள் வண்டி பறந்தது. பிறகு முன்னைவிட மோசமாக நின்றது. எரிச்சல் என்னவென்றால், சமதளத்தில் அது முன்னைவிட வேகமாக ஓடியது. நிலையத்துத் தாழ்வாரத்தில் நடந்து போகிற சக ஊழியர்களை முந்திக்கொண்டு போவார். மேட்டுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும்.

மூன்றாம் முறை ஸ்டாண்டு. சக்கரம் விர்ர். கருவியைப் பார்த்த ஸ்டாண்டுக்காரருக்கு ஒரே பெருமை; வண்டியை வீட்டில் விட வந்தபோதும் அது குறையவில்லை. "புதுசா வாங்கினப்போ இருந்ததைவிட வேகமா சுத்துதும்மா." கொஞ்சம் தயங்கிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. வெயிட் எதுவும் கூடியிருக்கா?"

4

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. நாத்தனாருக்கும் விருப்பமில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் மீதி எல்லாம் வெறும் மோட்டார்.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வெறும் காப்பி. மதியம் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை மூடி வைத்துவிடுவார். மாலையில் சாய்தளத்தின் அடியில் வந்து நின்று, கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கீழே ஊற்றிக் காலி செய்வார், அந்தக் கனமாவது குறையட்டும் என்று. இதை நான் கற்பனை செய்ததாக நினைக்கிறீர்களா? அப்படி நினைக்க எனக்கும் ஆசைதான்.

வண்டி நின்றது. தன்னைத்தான் திட்டிக்கொண்டார். அதற்கு முன்பெல்லாம் மேட்டைத் திட்டுவார், கடைக்காரரைத் திட்டுவார், தம்பியைத் திட்டுவார். ஒரு மனுஷி எல்லோரையும் திட்டுவதை நிறுத்திவிட்டால் வீட்டில் அமைதி வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். நாங்களும் நினைத்தோம்.

ஒரு மாலை, வானிலை அறிக்கையின் நடுவில், அவர் குரல் போனது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. வாக்கியத்தின் முடிவுக்குக் கொண்டுபோக மூச்சு இல்லாமல் "பலத்த காற்று வீசக்" என்று நின்றது. பிறகு "கூடும்" என்பது எங்கோ அடியிலிருந்து, வேறு யாருடைய குரல் மாதிரியோ வந்தது. வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். வாசித்த இத்தனை வருடங்களில் அக்கா ஒரு வாக்கியத்தைக்கூடக் கீழே போட்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், ஹெட்போன் வழியாக மெல்லக் கேட்டாராம்: "அம்மா, சாப்பிட்டீங்களா?"

அவருக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எங்கோ தொலைத்துவிட்டிருந்த அந்தக் கோபம், முழுசாக, பழைய அளவிலேயே திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொன்னார்: "நாளைக்குக் கடைக்குப் போறோம். வண்டியை மட்டும் இல்ல, என்னையும் கூட்டிட்டுப் போறே."

5

கடையில் ஸ்டாண்டுக்காரர் வழக்கம்போல் ஸ்டாண்டை இழுத்தார்.

"அதை வைங்க" என்றார் நாத்தனார். "நீங்க ரேடியோவுல மைக் டெஸ்ட் பண்றதைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"யாராவது பேசித்தான் பண்ணுவாங்க. பேசாம மைக் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாங்க. என்னை உட்கார வச்சு, ஒரு மேட்டுல ஏத்தி டெஸ்ட் பண்ணுங்க."

ஸ்டாண்டுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கு இது தோன்றவில்லை, அவ்வளவுதான். பழுதுக்கு வருகிற வண்டிகளோடு ஆள் வருவதில்லை. வண்டிதான் வரும். கடைக்குப் பின்புறம் சரக்கு இறக்கும் மேடை இருந்தது, அதன் மேல் ஒரு கனமான பலகையைச் சாய்த்தார். மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கவ்விக்கொண்டு கரன்ட் அளக்கும் மீட்டர் ஒன்றை மாட்டினார். நாத்தனார் ஏறினார். வண்டி பாதிப் பலகையில் முனகி நின்றது. மீட்டரில் எண் எகிறி எகிறி உச்சியில் நின்றது.

பிறகு விற்பனைக்கு நின்ற அதே ரகப் புது வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அவரை அதில் உட்காரவைத்தார். அதே ஆள், அதே பலகை. வண்டி சிரமமில்லாமல் மேடைக்கு ஏறியது. மீட்டரில் எண் முன்னதில் பாதியைத் தாண்டவில்லை.

ஸ்டாண்டுக்காரர் நெடுநேரம் மீட்டரையே பார்த்தார். அப்புறம் பழைய மோட்டாரைக் கழற்றி, பிரித்து, உள்சுவரில் ஒட்டியிருந்த காந்தத்தின் மேல் ஒரு ஸ்பேனரை வைத்தார். ஒரு ஓரத்தில் அது டக்கென்று கவ்விக்கொண்டது. மெல்ல நகர்த்தினார். மறு ஓரத்தில் பிடி விட்டு, கையோடு வழுக்கி வந்தது.

"காந்தம் செத்திருக்கும்மா."

"காந்தம் சாகுமா?"

"லோடுல சாகும்." அவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "ஓரத்துல இருக்கிறது நிரந்தரக் காந்தம். நடுவுல சுத்துறது ஆர்மேச்சர், வெறும் செம்புச் சுருள். கரன்ட் போனா அந்தச் சுருளும் ஒரு காந்தம் ஆயிடும். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துத் தள்ளுறதுலதான் சக்கரமே சுத்துது. சும்மா சுத்துறப்போ கரன்ட் கொஞ்சம்தான் போகும். சுருளோட காந்தம் இருக்கிற இடமே தெரியாது. லோடு ஏற ஏற அதுக்குப் பலம் கூடும். கூடி, ஓரத்துக் காந்தத்தோட புலத்தையே வளைச்சு ஒரு பக்கம் அமுக்கும். லோடு இறங்கினா பழையபடி ஆயிடும், சாதாரணமா. ஆனா மேட்டுல சக்கரம் நின்னுபோயி, நீங்க குச்சியை விடாம அமுக்கினா, கரன்ட் உச்சத்துல பாயும், சூடும் சேரும். அப்போ அமுங்கின ஓரம் திரும்பி எழுந்திரிக்காது."

"நின்னா அமுக்காம என்ன பண்ணுவேன்? செய்தி இருக்கு."

"சரிதாம்மா."

(இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால் நான் சரியாக எழுதவில்லை. காந்தம் தளர்ந்த மோட்டார் எப்படிப் புதிதைவிட வேகமாகச் சுற்றியது? காரணம் கேட்டால் உங்களுக்கும் எரிச்சல் வரும். காந்தங்களுக்கு நடுவே சுற்றுகிற சுருள், சுற்றச் சுற்றத் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, தன் வேகத்துக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்கிறது. காந்தம் தளர்ந்தால் கடிவாளமும் தளரும். எனவே வெறும் சக்கரம் விர்ரென்று ஓடும். ஆனால் அதே தளர்ச்சியால், பாரம் இழுக்கிறபோது, முன்பு கொஞ்சம் கரன்டில் செய்த வேலைக்கு இப்போது நிறையக் கரன்ட் வேண்டும். நிறையக் கரன்ட் காந்தத்தை இன்னும் அமுக்கும். காந்தம் இன்னும் தளரும். ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் வண்டிக்கு நோய் முற்ற முற்ற உடம்பு தேறுவதுபோலத் தெரியும்.)

[நாத்தனார் கடைசி வாக்கியத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, "உவமை" என்று எழுதியிருக்கிறார். உவமை வண்டிக்குத்தான், காந்தத்துக்கு இல்லை என்று வாதாடி வைத்திருக்கிறேன்.]

ஸ்டாண்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான்தான் கரன்ட் வரம்பைக் கூட்டி விட்டேன். அதுதான் வேகமாக் கொன்னிருக்கு."

"நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்க?"

"ஆமாம்மா."

"அதுதான் எரிச்சலா வருது." பிறகு, தம்பியும் நானும் நிற்பதையே மறந்தவர்போல, அவரிடம் கேட்டார்: "அப்போ என் வெயிட் காரணம் இல்ல."

"இல்லவே இல்லம்மா. புது வண்டி உங்களைத் தூக்கிட்டு ஏறிச்சே, பார்த்தீங்கல்ல."

திரும்பி வரும்போது ஒரு ஓட்டலில் நிறுத்தச் சொன்னார். இரண்டு ஆள் சாப்பாடு வரவழைத்தார். அது இரண்டும் அவருக்கு. நாங்கள் தனியாகச் சொல்லிக்கொண்டோம். அவர் நிமிராமல் சாப்பிட்டார். என் கணவர் தண்ணீர் டம்ளரை அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருந்தார், வேறென்ன செய்வதென்று தெரியாமல். அதற்குப் பிறகுதான் காரில் அந்தப் பேச்சு, எழுத மாட்டாளாமா என்பது.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். புது மோட்டார்கள் போட்டாயிற்று, நன்றி, வணக்கம். அப்படித்தான் முடிவை எழுதியும் வைத்திருந்தேன்: "அன்று மாலை சாய்தளத்தில் வண்டி ஏறியபோது அவர் முகத்தில்"

(முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் ஏறவே இல்லை.)

ஸ்டாண்டுக்காரர் கைகழுவி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "வரம்பைப் பழையபடி வச்சிருக்கேன். ஆனா அந்த மேட்டுக்கு இந்த மோட்டார் இல்லம்மா. திணறித் திணறி ஏறும், நிக்கும், நீங்க அமுக்குவீங்க, திரும்ப இதே கதைதான். மேட்டை மாத்தச் சொல்லுங்க."

மேடு நிலைய நிர்வாகியின் பொறுப்பு. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் அவர்மேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. மீசை வைத்துப் பார்த்தேன். சிடுசிடுப்பான குரல் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனிதர் நல்லவராக இருந்து தொலைக்கிறார். நாத்தனார் வந்தால் தானே எழுந்து போய்த் தேநீர் கொண்டுவருகிறவர்.

"சாய்வு குறையணும்னா நீளம் கூடணும்மா" என்றார், நாத்தனார் மேட்டை மாற்றச் சொல்லிக் கேட்கப் போன காலையில் சாய்தளத்தின் அடிக்கே தேநீரோடு இறங்கி வந்து. "நீளம் கூடினா நேரா ஜெனரேட்டர் ரூம் வாசல்ல போய் முட்டும். ஜெனரேட்டரை நகர்த்த மேலிடத்து அனுமதி வேணும். எழுதிப் போடறேன். அதுவரைக்கும் நாலு பேரை நிறுத்திடறேன். உங்களை வண்டியோட அப்படியே தூக்கி மேல வச்சிடுவாங்க. ஒரு கஷ்டமும் இல்லாம."

"நான் பெட்டி இல்ல சார்."

"ஐயோ, அப்படிச் சொல்லுவேனா? என் தங்கச்சி மாதிரி நீங்க."

"தங்கச்சியை நாலு பேர் தூக்கினா உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் இன்னொரு கோப்பைத் தேநீர் கொடுத்தார். சொல்லுங்கள், இந்த ஆளை நான் என்ன செய்ய?

7

புது மோட்டாரோடு வேலைக்குப் போன முதல் மாலை, நாத்தனார் சாய்தளத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவாளருக்குப் போன் செய்தார்.

"நான் வந்துட்டேன்."

"எங்கம்மா?"

"கீழே. இதுக்கு மேல வர மாட்டேன்."

"நான் வந்து தள்ளட்டுமா?"

"வேண்டாம். மைக்கைக் கொண்டுவாங்க."

ஒலிப்பதிவாளர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவர் மேலிடத்தைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்பதுதான் அவர் பின்னால் சொன்ன காரணம். நீளமான கேபிள் சுருளை எடுத்து, அறையிலிருந்து தாழ்வாரம் வழியாக, பக்கவாட்டுக் கதவைத் தாண்டி, சாய்தளம் முழுக்கப் பிரித்து விட்டுக்கொண்டு இறங்கி வந்தார். சிமெண்டுத் தரையில் மைக்கை நிறுத்தினார். காற்றில் தாள்கள் பறக்காமலிருக்கக் கைப்பையிலிருந்த கிளிப்பைப் போட்டு, நாத்தனார் தொண்டையைச் செருமினார்.

வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் நாங்கள். செய்தி தொடங்கியது. குரல் அதேதான், ஒவ்வொரு வாக்கியமும் கடைசி எழுத்துவரை போய் நின்றது. ஆனால் பின்னால் தெரு கேட்டது. தலைப்புச் செய்திகளின் நடுவே ஒரு லாரி பின்னுக்கு வந்தது, பீப் பீப் என்று. வெளிநாட்டுச் செய்தியில் ஒரு காகம் விடாமல் கலந்துகொண்டது. யாரோ யாரையோ "வண்டியை எடுய்யா" என்றார்கள். அதையும் நாட்டின் கடைசி மூலைவரை கேட்டிருப்பார்கள்.

நிர்வாகி ஓடி வந்தார். சாய்தளத்தின் பாதி தூரம் இறங்கியதும் ஒலிப்பதிவாளர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மைக் திறந்திருந்தது. பேச முடியாது. திரும்பி ஏறினால் காலடிச் சத்தம் கேட்கும். எனவே அந்தச் சரிவில், தோல் செருப்பு வழுக்க வழுக்க, கால் விரல்களால் சிமெண்டைப் பற்றிக்கொண்டு, செய்தி முடியும்வரை நின்றார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. விளையாட்டுச் செய்தி வந்தபோது ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டாராம்.

வணக்கம் சொல்லி முடிந்தது. மைக் அணைந்தது.

"என்னம்மா இது, இதுல மனுஷன் நிக்கவே முடியலையே" என்றார் நிர்வாகி.

நாத்தனார் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஆமா சார்" என்றார்.

8

நிலையத்துக்கு நிறைய போன்கள் வந்தன. ஸ்டுடியோ தீப்பிடித்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். காகம் நன்றாக இருந்தது, தினமும் போடுங்கள் என்றார் இன்னொருவர். வேறு ஒருவர் வாசிக்கலாமே என்று மேலிடத்தில் யாரோ கேட்டதாகவும் பேச்சு. நிர்வாகி அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நேற்று ஒருவர் அளவு நாடாவோடு வந்து சாய்தளத்தையும் ஜெனரேட்டர் அறையையும் அளந்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. அளக்கிறவர்கள் எங்கேயும் ஒன்றும் சொல்வதில்லை.

முடிவுக்காக மூன்று வரைவு வைத்திருக்கிறேன். ஒன்றில் சாய்தளத்தை இடிக்கிறார்கள். ஒன்றில் நாலு பேர் வருகிறார்கள். மூன்றாவதை எழுதும்போது எனக்கே கை வரவில்லை, "அவருக்குப் பதிலாக" என்பதோடு நிற்கிறது. மூன்றையும் நாத்தனாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நடக்காததை வாசிச்சு எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

"அப்போ கதையை எப்படி அண்ணி முடிக்கிறது?"

"ஏன் முடிக்கணும்? நாளைக்கும் செய்தி இருக்கு."

எனவே முடிவு உங்கள் கையில். மாலையில் ரேடியோவைப் போடுங்கள். குரலுக்குப் பின்னால் லாரியோ காகமோ கேட்டால் அவர் இன்னும் கீழேதான் இருக்கிறார், மோட்டார் பத்திரமாக இருக்கிறது. பின்னால் நிசப்தமாக இருந்தால் ஜெனரேட்டர் அறையின் சுவர் இடிந்து மேடு நீண்டிருக்கிறது, நல்லது. குரல் வேறு யாருடையதாகவோ இருந்தால் தயவுசெய்து ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். அந்த நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். எண்ணைச் செய்தியின் முடிவில் சொல்வார்கள்.